அறை மாறினால் ஆறாயிரம்

ஜேடர்பாளையத்துக்காரருக்குத் தண்ணீர்ப் பயணம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். படுகை அணைப் பக்கம் படகு இருக்கிறது, பரிசல் இருக்கிறது, கரையேறினால் பொரித்த மீன் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கிற எதிலும் பேரம் பேசிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும் என்பது பிறக்கும்போதே தெரிந்த சங்கதி. இருந்தாலும் ஒரு கேள்விக்கு மட்டும் ஊரில் இன்னும் சரியான பதில் இல்லை. அடுத்தடுத்து இரண்டு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு இடம் போடப் போனால், "மொதல் டிரிப்புக்கு ஒரு ரூம், ரெண்டாவதுக்கு வேற ரூமுன்னா ஆறாயிரம் கம்மி ஆகுதுங்க" என்கிறார் டிராவல்ஸ்காரர். மாறுவதா, வேண்டாமா?

இந்த வழிகாட்டி அதற்குத்தான். கப்பலே ஏறாதவர்களும் படிக்கலாம். யார் எங்கே கிளம்பினாலும் திண்ணையில் போய் உட்கார்ந்து யோசனை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் அதிக நேரம் பேசலாம், அவ்வளவுதான்.

எந்தக் கப்பல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பினாரே, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்', அதுதான். பதினொரு தளம், எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான அறைகள். 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலுக்கு வந்த கப்பல். பல கை மாறி, பல பெயர் மாறி நம்மிடம் வந்திருக்கிறது. 2023 ஜூன் 5 முதல் இலங்கைக்கும் போகத் தொடங்கியது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மும்பைப் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கிற மழை மாதங்களில் கப்பல் இந்தக் கரைக்கு வந்து சென்னையிலிருந்து ஓடியது. இலங்கைக்கு ஐந்து இரவு ஒரு பயணம். நடுக்கடல் வரை போய்த் திரும்ப இரண்டு இரவு ஒரு பயணம். இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்டால் டிராவல்ஸ் பாஷையில் 'பேக் டு பேக்'. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே குடும்பம் எதற்கு இரண்டு பயணம் போக வேண்டும் என்று கேட்பவர், ஆடி 18 அன்று ஜேடர்பாளையத்தில் வீடு வைத்திருக்காதவர். கப்பல் சென்னைக்கு வருகிற மாதங்களும் ஆடியும் ஒன்றாக வருவது தற்செயல்தான் என்றாலும் வசதியான தற்செயல். அன்றைக்குக் காவிரியில் முழுக வருகிற ஒறம்பறை மொத்தமும், ஈரத் துணியோடு, ஆற்றுக்குப் பக்கத்தில் யார் வீடு இருக்கிறதோ அங்கேதான் வரும். உங்கள் அறையில் சம்பந்தி வீட்டார். உங்கள் பிள்ளை அறையில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். நீங்கள் மாடிப்படிக்கு அடியில். ஆக, அறை மாறுவதில் நமக்கு முன்னனுபவம் உண்டு. அதற்காக யாரும் ஆறாயிரம் தந்ததில்லை என்பதுதான் ஒரே வேறுபாடு.

சரி, முதல் படி. விலை ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்வது. பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு வெல்லம் கொண்டுபோகிறவருக்கு இதை விளக்குவது எளிது. அதே ஆலைக் கொட்டகை, அதே கொப்பரை, அதே முப்பது கிலோ சிப்பம்; புதன்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை வேறு விலை. கப்பல் அறையும் அப்படித்தான் ஏலம் போகிறது. ஒவ்வொரு பயணமும் தனிச் சரக்கு. நீங்கள் ஏழு இரவு தொடர்ந்து இருக்கப்போகிறீர்கள் என்பது உங்கள் கணக்கு. கப்பல்காரர் கணக்கில் நீங்கள் இரண்டு இரவு இருந்து போனவர், பிறகு ஐந்து இரவுக்குப் புதிதாக வந்தவர். உங்களுக்குப் பிடித்த அறை முதல் பயணத்துக்குக் காலியாக இருக்கும், இரண்டாவதில் வேறு யாரோ மூன்று மாதம் முன்பே வாங்கி வைத்திருப்பார்கள். காலியாகவே இருந்தாலும் வார இறுதியில் கூட்டம் அதிகம் என்றால் அதே அறைக்கே விலை ஏறியிருக்கும்.

அறைகள் பொதுவாக நான்கு சாதி. உள்ளறை: சன்னலே கிடையாது. கடல் பார்த்த அறை: திறக்காத கண்ணாடி சன்னல். பால்கனி அறை: வெளியே போய் நிற்கலாம். அதற்கும் மேலே சூட். இவை போக, எண் சொல்லாமல் விற்கும் 'கேரண்டி கேபின்' என்று ஒன்றைச் சில கப்பல்காரர்கள் வைத்திருக்கிறார்கள். எந்த வகை என்பது மட்டும் உறுதி. எந்த எண் என்பதைக் கடைசி நேரத்தில் அவர்களே கொடுப்பார்கள். விலை குறைவு. ஆனால் இரண்டு பயணத்துக்கும் இதை வாங்கிவிட்டு, இரண்டுக்கும் ஒரே அறை வேண்டும் என்று சண்டை பிடிப்பதில் நியாயம் இல்லை. நியாயம் இல்லை என்பதற்காக நம்மாள் விடப்போவதில்லை, அது வேறு.

இங்கே ஒரு தந்திரம் உண்டு. அறை மாற வேண்டாம் என்பது உங்கள் ஆசையானால், இரண்டு பயணத்தையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே அறை எண்ணைச் சொல்லிப் போட வேண்டும். ஒன்றை இன்றைக்குப் போட்டுவிட்டு, "இன்னொண்ண மில்லுல கரும்புக் காசு வரட்டும், பாத்துக்கலாம்" என்றால் அந்த எண் போய்விடும். காசும் வராது.

மூன்றாம் படி. (இரண்டாம் படி பெட்டி பற்றியது, அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு அங்கேதான் இருக்கிறது.) எந்தப் பயணத்துக்குச் சன்னல் வேண்டும்? இதை யோசிக்காமல்தான் பலரும் விலைப்பட்டியலைப் பார்த்துக் குழம்புகிறார்கள். இரண்டு இரவுப் பயணத்தில் கப்பல் நடுக்கடலுக்குப் போய்த் திரும்புகிறது. பால்கனியில் நின்றால் தெரிவது கடல். மறுநாள் காலை எழுந்து பார்த்தால், நேற்றுப் பார்த்த கடலின் மிச்சம். இலங்கைப் பயணம் அப்படி இல்லை. திருகோணமலை உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. மலைக்கும் மலைக்கும் நடுவே கப்பல் நுழையும்போது கோணேசர் மலையைப் பார்ப்பதற்காகவே ஒரு சன்னல் வாங்கலாம். ஆகவே, மாறுவதென்றால், இரண்டு இரவுக்கு உள்ளறை, ஐந்து இரவுக்குப் பால்கனி. இலங்கைப் பயணத்தை முதலில் வைத்துவிட்டுப் பிறகு உள்ளறைக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். ஏறுவதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பால்கனியிலிருந்து சன்னலில்லா அறைக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகிற மருமகன் அந்த ஆறாயிரத்தைப் பத்து வருஷத்துக்குத் தவணையாகத் திருப்பிக் கட்டுவார்.

உள்ளறையில் இன்னொரு விசேஷம்: விடிவது தெரியாது. விளக்கை அணைத்தால் உள்ளங்கை தெரியாத இருட்டு. இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குகிற நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு இதைவிட நல்ல அறை உலகத்தில் இல்லை. கொடிக்காலுக்கு நாலு மணிக்கே எழுந்து பழகின ஆளுக்கு இது கொஞ்சம் கஷ்டம். நாலு மணிக்கு எழுந்து, விடிந்ததா என்று பார்க்க மேல்தளம் வரை ஏறிப் போய், விடியவில்லை என்று தெரிந்து, இறங்கி வந்து, திரும்ப ஏறிப் போவார். உடம்புக்கு நல்லது.

வாஸ்து பற்றி ஒரு வார்த்தை. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கட்டில் எந்தத் திசை என்று டிராவல்ஸ்காரரை விசாரிக்கச் சொல்வார்கள். விசாரியுங்கள், அவர் முகத்தைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கப்பலின் இடது பக்கம் கிழக்கு. சூரிய உதயம் அந்தப் பக்கம். திரும்பி வடக்கே வரும்போது அதே இடது பக்கம் மேற்கு. ஒரு பால்கனியை வாங்கினால் போகும்போது உதயமும் வரும்போது அஸ்தமனமும் இனாம். கட்டில் மட்டும் போகும்போது ஒரு திசை, வரும்போது அதற்கு நேர் எதிர்த் திசை. பெரியவர்களிடம் போகும் வழியின் திசையை மட்டும் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் பேச்சை மாற்றுங்கள்.

திசையைவிட வயிறு முக்கியம். அலையில் கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் அதிகம் ஏறி இறங்கும். நடுப்பகுதி குறைவாக ஆடும். மேல்தளங்கள் பக்கவாட்டில் அதிகம் சாயும், கீழ்த்தளங்கள் குறைவு. ஆகவே குமட்டல் வருகிறவருக்கு நல்லது கீழ்த்தளத்தில், நடுவில் உள்ள அறை. பெரும்பாலும் அதுதான் விலை குறைந்த அறையும். பணம் அதிகம் கொடுத்து உச்சியில் முன்பக்கத்துப் பால்கனி அறை வாங்கியவர் பால்கனிக்குப் போவது கடலை ரசிக்க மட்டும் அல்ல. பரிசலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் வீட்டில் இருந்தால், அறை மாறும் பேச்சையே விட்டுவிட்டு ஏழு இரவும் கீழே, நடுவில், ஒரே அறையில் இருப்பது விலையும் குறைவு, வம்பும் குறைவு. அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்றும் தளவரைபடத்தில் பாருங்கள். நாட்டியக் கூடமோ, நீச்சல்குளத்து நாற்காலிகளோ இருந்தால், விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தளம்தான் உத்தமம்.

கப்பலில் பேரம் பேசுவது கேவலம் என்று நினைக்கிற இளவட்டங்களுக்காக ஒரு சரித்திரம். 1906-இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கொழும்புக்கு ஓடின வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரன் இலவசமாகவே கூட்டிப் போகிறேன், கூடவே ஒரு குடையும் தருகிறேன் என்று இறங்கி வந்தான். பேரம் என்றால் அது பேரம். சிதம்பரனாரின் 'காலியா' கப்பலில் முதல் வகுப்புக்கு 42 பேர், இரண்டாம் வகுப்புக்கு 24 பேர், மற்ற 1,300 பேரும் சாதாரண வகுப்பு. அந்த 1,300 பேருக்கு எந்த அறை என்ற கவலை இருந்திருக்காது. பிறகு வந்த 'ரஜூலா'வும் அப்படித்தான். 1926-இல் கட்டப்பட்டு, சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-கள் வரை ஓடிய கப்பல் அது. ஏறினவர்களில் பெரும்பாலோர் 'டெக் பாசஞ்சர்'. தளத்தில் பாயை விரித்தால் அது அறை. சுருட்டி நாலடி தள்ளி விரித்தால் அறை மாறியாயிற்று. மலேயா போன எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பாயில்தான் போய் இறங்கின. மிச்சம் பிடிக்க அவர்களுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

அறை மாறும் நாள் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பயணம் முடிகிற காலையில் எட்டு, ஒன்பது மணிக்குள் பழைய அறையை விட்டுவிட வேண்டும். புது அறை தயாராக மதியம் ஒரு மணியோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் நீங்கள் வீடில்லாதவர். முந்தைய நாளே வரவேற்பு மேசையில் போய், "நாங்க இறங்கல, அடுத்த டிரிப்புக்கும் இருக்கறமுங்க, ரூம் மட்டும் மாறுது" என்று சொல்லிவிட்டால், பெரும்பாலான கப்பல்களில் அறைப் பணியாளர்களே பெட்டியைப் புது அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். ஹேங்கரில் தொங்குகிற துணியைக் கழற்றக்கூட வேண்டாம். அப்படியே தூக்கிப் போய் அங்கே மாட்டிவிடுவது அவர்கள் வழக்கம். நகை, பணம், பாஸ்போர்ட், மாத்திரை நான்கும் கையில் இருக்க வேண்டும். பழைய அறைச் சாவி அட்டை செல்லாது, புது அட்டை. முதல் பயணத்தின் செலவுக் கணக்கை அன்றே தீர்த்துவிட வேண்டும். முதல் பயணத்துக்கு வாங்கிய வைஃபை இரண்டாவதற்குத் தொடருமா என்று முன்பே கேளுங்கள், பெரும்பாலும் தொடராது.

அறை மாறாவிட்டால் அன்றைக்குக் கட்டிலிலேயே படுத்துக் கிடக்கலாம் என்று எண்ண வேண்டாம். இரண்டில் ஒன்று இலங்கைப் பயணம் என்பதால், எந்த வரிசையில் போட்டாலும் நடுவில் சென்னையில் குடியேற்றச் சோதனை உண்டு. அதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் திரும்பி ஏறும்போது ஒரு அதிர்ஷ்டம் காத்திருக்கும். பழைய கூட்டம் போயிருக்கும், புதுக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. எப்போதும் வரிசை நிற்கிற சாப்பாட்டுக் கூடம் காலி, நீச்சல்குளம் காலி, லிஃப்ட் கூப்பிட்டவுடன் வரும். அடுத்தடுத்துப் பயணம் போகிறவர்கள் பலரும் மொத்தப் பயணத்திலும் நல்ல நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான் என்பார்கள். அறை கையில் இருக்கிறதோ இல்லையோ, அந்த நேரத்தில் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது.

இந்த வழிகாட்டியில் விளையாட்டில்லாத பகுதி ஒன்று உண்டு. கப்பல் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஆபத்துக் காலப் பயிற்சி நடக்கும். ஆபத்து என்றால் எங்கே போய் நிற்க வேண்டும் என்ற கூடுமிடம் அறையைப் பொறுத்தது. அறை மாறினால் கூடுமிடமும் மாறலாம். "நேத்துத்தான பாத்தோம்" என்று இரண்டாவது பயிற்சிக்குப் போகாமல் இருப்பது இங்கே பெரிய தப்பு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அதற்குப் பிறகுதான், கிளம்புமுன் அல்லது கிளம்பியவுடனேயே நடத்த வேண்டும் என்று உலக அளவில் விதி மாறி, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. புது அட்டையில் கூடுமிடம் எழுதியிருக்கும். அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்தே போய்ப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த இரண்டாம் படி: பெட்டி.

ஹேங்கரில் தொங்குவதை அப்படியே எடுத்துப் போவார்கள் என்றேன். நாம் எதைத் தொங்கவிடுகிறோம்? பட்டுச் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கும். வேட்டி தொங்காது. குழந்தைகளின் துணி தரையில் இருக்கும். மீதி இருப்பது பை. மருந்துப் பை, பலகாரப் பை, ஈரத் துண்டுப் பை, பைகளை வைக்கும் பை. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்த மின்சாரக் கெண்டியும் இஸ்திரிப் பெட்டியும் பெரும்பாலான கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைக்கப்பட்டுவிடும், தீ அபாயம். வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்துப்போன சூடமும் ஊதுபத்தியும் பெட்டியிலேயே கிடக்க வேண்டியதுதான், கொளுத்தக் கூடாது. சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி மாட்டினால் நிற்கும் என்று யாரோ சொல்லி, அதில் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் துண்டு, அதன்மேல் இன்னொரு துண்டு. இவ்வளவையும் எடுத்து, அடைத்து, மறுநாள் புது அறையில் பிரித்து, மாட்ட வேண்டும். யார்?

இதைப் பற்றிய ஒரு பேச்சு வழக்கமாக இப்படிப் போகும்.

"ஏனுங்க, ரூம் மாறறதுன்னா பெட்டியெல்லாம் மறுபடி கட்டோணுமா?"

"அதெல்லாம் கப்பல்காரங்களே தூக்கிட்டுப் போயிருவாங்க, அம்மிணி."

"தூக்கறதச் சொல்லுலீங்க. கட்டறது?"

"நாம நாலு பேரு இருக்கறமில்ல?"

"ஆமாமா, நாலு பேரு. அத்தைக்கு முட்டி வலி. சின்னவன் கட்டினதக் கலைப்பான். நீங்க கதவுகிட்ட நின்னு, 'ஆச்சா, ஆச்சா'ம்பீங்க."

இதற்குப் பிறகு கணக்குப் போடலாம். குடும்பத் தலைவர் போடும் கணக்கு: ஆறாயிரம் மிச்சம், நாலு பேர், காலை எட்டிலிருந்து மதியம் ஒன்று வரை ஐந்து மணி நேரம் அலைச்சல். நாலைந்து இருபது. ஆறாயிரத்தை இருபதால் வகுத்தால் ஆளுக்கு மணிக்கு முந்நூறு ரூபாய். நிழலில், கடல் காற்றில், சாப்பாட்டோடு மணிக்கு முந்நூறு. எந்தக் கரும்புக் காட்டிலும் கிடைக்காத கூலி, மாறிவிட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் இரண்டு பிசகு. அந்த ஐந்து மணி நேரத்தில் குடியேற்றச் சோதனைக்காக அலைவது அறை மாறாதவருக்கும் உண்டு. அதை அறைமாற்றக் கணக்கில் எழுதக் கூடாது. அறை மாறுவதால் மட்டும் கூடுகிற வேலை முந்தைய இரவு அடைக்க ஒரு மணி நேரம், மறுநாள் பிரிக்க ஒரு மணி நேரம். அடுத்து, அந்த இரண்டு மணி நேரமும் வேலை பார்ப்பது நாலு பேர் அல்ல, ஒருவர். ஆறாயிரத்தை இரண்டால் வகுத்தால் மணிக்கு மூவாயிரம். சுமைக்கு 104 கவுளி கணக்கில் வெற்றிலை அனுப்புகிற பரமத்தி வேலூர் வியாபாரியிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கவுளிகூடக் குறையாமல் இதே விடைதான் சொல்வார். மூவாயிரம் கூலி உள்ள வேலையை ஒருவர் செய்ய, மிச்சம் இன்னொருவர் பாக்கெட்டுக்குப் போகிறது.

பாக்கெட்டிலாவது தங்குமா என்றால் அதுவும் இல்லை. கப்பலில் கடைகளும் சூதாட்டக் கூடமும் கரையில் நிற்கும்போது மூடியிருக்கும்; கடலுக்குள் போன பிறகுதான் திறக்கும். அதாவது, நீங்கள் எங்கும் ஓட முடியாத நேரத்தில். வாசலில் நிறுத்தி எடுத்த குடும்பப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். பார்த்தால் நன்றாக இருக்கும். விலை பின்னால் எழுதியிருக்கும். "ரூம்லதான் ஆறாயிரம் மிச்சம் பண்ணினோமில்ல" என்ற வாக்கியத்தை ஒரு குடும்பம் ஏழு இரவில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அது உண்மை போலவே இருக்கும்.

சில விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைக்குழந்தை இருந்தால் மாறாதீர்கள். எழுபதைத் தாண்டியவர் இருந்தால் மாறாதீர்கள். இரவில் கழிவறைக் கதவு எந்தப் பக்கம் என்று பழகவே இரண்டு நாள் ஆகும், பழகின அன்று அறை மாறும். கல்யாணமான புதிது என்றால் எவ்வளவு மிச்சமானாலும் மாறாதீர்கள், அதை விளக்கத் தேவையில்லை. தனியாக ஒரு பையோடு போகிறவர் யாரையும் கேட்காமல் மாறலாம். ஒரே தளத்தில் பக்கத்து அறைக்கு மாற்றிக் கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம். பயணம் கிளம்பிய பிறகு அதே அறை காலியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை கேளுங்கள். யாராவது ரத்து செய்திருக்கலாம், கேட்பதற்குக் காசில்லை.

மற்ற எல்லோருக்கும் தீர்ப்பு இதுதான். பெட்டி கட்டுகிறவர் யார் என்று இடம் போடுவதற்கு முன்பே வீட்டில் முடிவு செய்யுங்கள். அறைமாற்றத்தில் மிச்சமாகும் தொகை முழுக்க அவருக்கே. கப்பல் ஏறுமுன், அவர் கையில், ரொக்கமாக. அவர் அதை வாங்கிக்கொண்டு சரி என்றால் தாராளமாக மாறுங்கள். அந்தப் பணத்தைக் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை என்றால் பழைய அறையிலேயே இருங்கள். அல்லது முந்தைய இரவு கதவருகே நிற்பதை விட்டு நீங்களே பெட்டியைக் கட்டுங்கள்.